ஊரான் வந்து கதவைத் தட்டினால்

(ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

தமிழின் பெருமையைப் பேச அழைத்தார்கள். அதை என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் செம்மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆந்திரக் காட்டில் அதைத் திருட்டுத்தனமாக வெட்டப் போகிற நம் ஆட்களுக்கு, இந்த எல்லையில் குடியிருக்கிற நாம் என்ன செய்யக் கடன்பட்டவர்கள் என்று பேசப் போகிறேன்.

அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து, கல்வராயன் மலையிலிருந்து, திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள். மழை பொய்த்தால் கோடரியைத் தவிர கையில் வேறு தொழில் இல்லாதவர்கள். ஏஜென்ட் முன்பணம் கொடுக்கிறான். பஸ் ஏறினால் திருத்தணி, நகரி, புத்தூர் என்று நம் வாசல் வழியாகவும் போகிறார்கள். அரக்கோணம் வழியாக ரயில் ஏறினாலும் ஏகாம்பரகுப்பம் தாண்டித்தான் ரேணிகுண்டா. அதனால்தான் நமக்குப் போன் வருகிறது.

“மாமா, நம்ம பசங்க நாலு பேர் வராங்க. ராத்திரி மட்டும் திண்ணையில படுத்துக்கட்டும்.” அவ்வளவுதான் கேட்பார்கள். மறுமுறை, புத்தூர் வரை வண்டியில் விட்டுவர முடியுமா என்பார்கள். பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம். கேட்கிறவன் அந்நியன் இல்லை. இல்லையென்று சொன்னால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இந்தச் சங்கடம் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். உறவை வைத்துத்தான் நாம் இந்த மண்ணில் பிழைத்திருக்கிறோம்.

ஆனாலும் இல்லையென்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்லவே வந்தேன்.

செம்மரம் உலகத்தில் வேறெங்கும் தானாகக் காடாக வளர்வதில்லை. சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை, நல்லமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிக்கே உரிய மரம். கல்லும் வறட்சியுமான சரிவில் மெல்ல மெல்ல வளரும். உள்ளே அந்தச் சிவப்பு வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை ஒரு ராத்திரியில் சாய்த்து, பட்டையும் வெள்ளைக் கட்டையும் செதுக்கி எறிந்துவிட்டு, வைரத்தை மட்டும் தோளில் தூக்கி வருகிறார்கள். அது கடல் தாண்டிப் போய்ச் சீனாவில் மேஜை நாற்காலி ஆகிறது, ஜப்பானில் நரம்பு வாத்தியம் ஆகிறது. 1995 முதல் இது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களுக்கான உலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம். இந்த மாநிலத்தின் வனச் சட்டம் 1967இல் வந்தது. சந்தனம், செம்மரம் இரண்டையும் கொண்டுபோவதற்கென்றே 1969இல் தனி விதிகள் வந்தன. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிற செம்மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்டிக் கொண்டுபோக முடியாது. தெலுங்கு விவசாயிக்கும் அதே விதிதான்.

“அது அவங்க சட்டம், நமக்கென்ன?” என்று நம் பிள்ளைகளே சொல்லக் கேட்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு மனதைக் குத்துகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் நின்றோம். ம.பொ.சி. போன்றவர்கள் அந்த எல்லைக்காகப் போராடினார்கள், சிறைக்கும் போனார்கள். கடைசியில் எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர் சொன்ன தீர்வு வந்தபோது, இரண்டு பக்கமும் மனக்குறையோடுதான் ஏற்றுக்கொண்டன. அன்று முதல் நம் ரேஷன் அட்டை தெலுங்கில் இருக்கிறது, பத்திரம் தெலுங்கில் இருக்கிறது, நம் ஓட்டு இங்கே இருக்கிறது. கால் முறிந்தால் தமிழ்நாட்டிலிருந்தே ஆட்கள் புத்தூர் கட்டுக்கு வருகிறார்கள். எலும்பை நம்பி ஒப்படைக்கிறோம், சட்டத்தை மட்டும் அந்நியம் என்கிறோம். வடவேங்கடம் நமக்கு எல்லை என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள், அந்த வேங்கடத்தின் காட்டை மொட்டையடிக்கத் துணை போகலாமா? மலையின் மேல் நமக்குப் பாசம் உண்டு என்பது மெய்யானால், அதைக் காக்கிற சட்டம் எந்த மொழியில் எழுதியிருந்தால் என்ன?

காவல் நிற்கிறவர்களும் யாருடைய பிள்ளைகளோதான். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு வீடுகளுக்கு நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் துக்கம் கேட்டோம்?

இப்போது மற்றதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் நான் பாதி உண்மைதான் பேசியவனாவேன். 2015 ஏப்ரல் 7, அதே சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் தரப்பு. வழியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். இப்படிக் காவல்துறை சுட்டு ஆள் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும், தொடர்பில்லாத இன்னொரு குழு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது 2014 செப்டம்பரில். ஏழு மாதம்கூட ஆகவில்லை. மரம் வெட்டுவதற்கு இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது. சட்டத்தை மதி என்று கூலிக்காரனிடம் சொல்கிற வாய், துப்பாக்கி வைத்திருக்கிறவனிடமும் அதையே சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டு அளவுகோல் இல்லை.

கண்ணகியை நினைத்துப் பாருங்கள். சோழநாட்டுப் பெண், பாண்டியன் ஊருக்குப் பிழைக்க வந்தவள். புருஷன்மேல் திருட்டுப் பழி. விசாரணை இல்லாமல் வெட்டிவிட்டார்கள். அவள் என்ன செய்தாள்? நேரே அரண்மனை வாயிலுக்குப் போனாள். காவலனிடம் சொல்லி அனுப்பினாள். உள்ளே போய்த் தன் ஊரைப் பெருமையோடு சொன்னாள், மாமனார் பேரைச் சொன்னாள், புருஷன் பேரைச் சொன்னாள். என் கணவன், அதனால் குற்றமற்றவன் என்று அவள் வாதாடவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துக் காட்டினாள். அந்நிய நாட்டுச் சபையில், அந்த நாட்டு நீதியை வைத்தே அந்த அரசனைக் கேள்வி கேட்டாள். மதுரை எரிந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் எரிப்பதற்கு முன்னால் அவள் சாட்சியோடு நின்றாள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். புருஷன் மேல் அவள் வைத்திருந்த பற்று எங்கே போய் நின்றது? சபையில், சான்றோடு.

நம் பற்றும் அங்கே போய் நிற்கட்டும். இரவில் திண்ணை கொடுப்பதும் வண்டியில் கொண்டு விடுவதும் உதவியாகத் தெரியும். உண்மையில் அது ஏஜென்ட்டுக்குச் செய்கிற உதவி. அவன் மலை ஏறுவதில்லை. சுடப்படுவதில்லை. ஜெயிலுக்குப் போகிறவன் நம் மச்சான், பணம் போகிற இடம் வேறு. எனவே போன் வரும்போது சொல்லுங்கள்: “சோறு போடறேன், ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்துத் தரேன், மலைக்கு மட்டும் வழி காட்ட மாட்டேன்.” கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

பிடிபட்டுவிட்டால்? அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது, அங்கேதான் நாம் காணாமல் போகிறோம். கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். கையில் விலங்கு, முகத்தில் புழுதி, எதிரே தெலுங்கில் ஒரு தாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைக்கிறான். வீட்டுக்காரிக்குப் புருஷன் எந்த ஸ்டேஷனில் இருக்கிறான் என்பதே தெரிவதில்லை. ஏன் கைது செய்தார்கள் என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு அது. உறவினருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். சாட்சி சொல்வது அவனுக்குப் புரியாத மொழியில் என்றால், அவனுக்குப் புரியும் மொழியில் கோர்ட்டிலேயே சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணி ஆணையங்கள் சட்டப்படி, காவலில் இருக்கிற எவருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜவ்வாது மலைக்காரருக்கு இது இரண்டு வகையிலும் பொருந்தும். அவருக்கு இது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும், இரண்டு மொழியும் தெரியும்.

இரண்டு மொழி தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். ஆனால் புத்தூர் கோர்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் நாம்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். நெசவுக்குப் போகாத நாட்களில் நேரம் இருக்கிற தம்பிகள் இருக்கிறீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவின் அலுவலகத்தில் தமிழ், தெலுங்கு இரண்டும் படிக்கத் தெரிந்தவர் என்று பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுக்க விருப்பமுள்ளவர்கள் அதில் எழுதுங்கள். திங்கட்கிழமை சேர்ந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவோம்.