வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? அபாயகரமான வேதிப்பொருட்களும் அரசின் விதிகளும்

(திரையில் எழுத்துகள்: குளோரின் – 10 டன், 25 டன். மீத்தைல் ஐசோசயனேட் – 150 கிலோ.)

திரையில் காணும் இந்த எண்கள், அபாயகரமான வேதிப்பொருட்களுக்கான ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள வரம்பளவுகள். ஓர் ஆலை 10 டன் குளோரினை வைத்திருந்தால் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும்; பெருவிபத்தை எவ்வாறு தடுக்கப் போகிறது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். இருப்பு 25 டன்னை எட்டிவிட்டால், விரிவான பாதுகாப்பு அறிக்கை, அவசரகாலத் திட்டங்கள், சுற்றியுள்ள மக்களுக்குத் தகவல் என்று கடமைகள் பெருகிவிடும். மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுப் பொருளுக்கோ வெறும் 150 கிலோவிலேயே இந்தக் கடமைகள் அனைத்தும் தொடங்கிவிடுகின்றன.

ஒரு பொருளின் நச்சுத்தன்மையை மட்டும் பார்க்காமல், அது ஒரே இடத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதையும் பார்ப்பதே இந்த முறையின் அடிப்படை. ஆய்வகத்தில் ஒரு குப்பியில் இருக்கும் குளோரின் அந்த அறைக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து. பெருந்தொட்டியில் இருக்கும் குளோரின் ஓர் ஊருக்கே ஆபத்து. ஒவ்வொரு பொருளையும் வரம்புக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு சட்டத்திலிருந்து நழுவிவிடக் கூடாது என்பதற்காக, ஒரே வகை ஆபத்துள்ள பொருட்கள் ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைக் கூட்டிப் பார்க்கும் விதியும் ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது.

(காட்சி: வடக்கு இத்தாலியின் வரைபடம்.)

இந்தச் சட்டத்துக்கு ஓர் ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. 1976 ஜூலை 10 அன்று, மிலான் நகருக்கு அருகே ஒரு வேதி ஆலையிலிருந்து டையாக்சின் கலந்த நச்சுமேகம் வெளியேறி, செவெசோ என்னும் ஊரின்மீது படிந்தது. விலங்குகள் இறந்தன, குழந்தைகளின் தோலில் புண்கள் தோன்றின. ஆனால் மக்களை வெளியேற்றும் பணி ஜூலை 26 அன்றுதான் தொடங்கியது. மேகத்தில் என்ன இருந்தது என்பது அதற்கு அடியில் வாழ்ந்தவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. இதன் விளைவாக 1982-இல் பிறந்த செவெசோ நெறிமுறை, 1996-இலும் 2012-இலும் திருத்தி எழுதப்பட்டது.

(காட்சி: போபால், இரவு.)

மக்களுக்கு உரிய நேரத்தில் தகவல் சொல்லாத, செவெசோவில் வெளிப்பட்ட அந்தக் குறை, போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் ஒரு நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் இருந்த மீத்தைல் ஐசோசயனேட்டின் அளவு சுமார் 40 டன். சற்று முன்பு பார்த்த 150 கிலோ என்னும் வரம்பை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அது விற்பனைக்கான பொருள்கூட அல்ல. பூச்சிக்கொல்லி தயாரிப்பின் நடுக்கட்டத்தில் உண்டாகிப் பயன்படுத்தப்படும் இடைப்பொருள் மட்டுமே. அவ்வளவு பெரிய இருப்பைச் சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால், தொட்டியைக் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததும், வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்ததும் இத்தனை பெரிய அழிவில் முடிந்திருக்காது. என்னைக் கேட்டால், எந்த ஆலையிலும் ஆய்வாளர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, இவ்வளவு இருப்பு எதற்கு என்பதுதான்.

பாதுகாப்புக் கருவிகள் செயலிழந்த கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதைவிட என்னை வதைப்பது வேலிக்கு வெளியே நடந்தது. பொதுமக்களுக்கான அபாயச் சங்கு சிறிது நேரம் ஒலித்துவிட்டு நிறுத்தப்பட்டது. மக்கள் உறக்கம் கலைந்து இருட்டில் ஓடினார்கள். பலர் வாயு வீசிய திசையிலேயே ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கி, நஞ்சை இன்னும் ஆழமாக உள்ளிழுத்தார்கள். மருத்துவமனைகளில் குவிந்தவர்களுக்கு முன்னால் நின்ற மருத்துவர்களுக்கு, அவர்கள் சுவாசித்தது எந்த வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்பது தெரியவில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையையொட்டிப் பரவும், ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றின் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும் என்ற மூன்று செய்திகள் அந்தக் குடியிருப்புகளுக்கு முன்பே எட்டியிருந்தால், பல வீடுகளில் உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

இதற்குப் பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. அமெரிக்கா 1986-இல், அவசரகாலத் திட்டமிடலையும் சமூகத்தின் அறியும் உரிமையையும் ஒன்றாக இணைத்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் அபாயகரமான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதிக்கான விதிகளும், 1996-இல் வேதி விபத்துகளுக்கான அவசரகாலத் திட்டமிடல் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இதற்கிடையே 1985-இல் டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் (புகையும் கந்தக அமிலம்) வாயு கசிந்த வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் எந்த விலக்கையும் காரணம் காட்டாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்திய விதிகளின் அமைப்பைச் சற்று நின்று கவனிப்போம். விபத்துக்கான திட்டங்கள் இரண்டு. ஆலைக்குள் செயல்படுத்த வேண்டிய திட்டத்தை ஆலை நடத்துபவர் தயாரித்து, 6 மாதங்களுக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். ஆலைக்கு வெளியே, அதாவது தெருக்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கான திட்டம் மாவட்ட அளவில் தயாராகி, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். நெருக்கடிக் குழுக்கள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் என்று நான்கு அடுக்குகளில் இயங்குகின்றன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர்.

(காட்சி: தீயணைப்பு வண்டி, திறந்த கதவுகள்.)

எழுதிய தகவல் உரிய கைகளுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை, டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்னும் சிற்றூரில் 2013 ஏப்ரல் 17 அன்று உலகம் பார்த்தது. அங்கிருந்த உரக் கிடங்கில் அமோனியம் நைட்ரேட் இருப்பது அரசிடம் முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் தீயை அணைக்கச் சென்ற தன்னார்வலர்களுக்கு, தீயின் நடுவே அந்தப் பொருள் எவ்வாறு வெடிக்கும் என்பதற்கான போதிய பயிற்சி இல்லை. உயிரிழந்த 15 பேரில் 12 பேர் மீட்புப் பணிக்குச் சென்றவர்கள். மேலும், அன்றைய அமெரிக்க விபத்துத் தடுப்பு விதிகளின் பட்டியலில் அமோனியம் நைட்ரேட்டே இடம்பெற்றிருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும் இதே பொருள்தான். அங்கே 2,750 டன் பல ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆலை ஓடாமல் நிற்கும் காலத்தையும் விதிகள் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் கசிந்த, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் ஸ்டைரீன், பொதுமுடக்கத்தால் உற்பத்தி நின்றிருந்த ஆலையின் சேமிப்புத் தொட்டியில் இருந்தது. வெப்பம் கூடினால் ஸ்டைரீன் தானாகவே வினைபுரிந்து மேலும் சூடாகும் தன்மை உடையது; அதைத் தடுக்கக் குளிரூட்டலும் தடுப்பு வேதிப்பொருளும் இடைவிடாமல் தேவை. 12 பேர் உயிரிழந்த அந்தக் காலையில் ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. போபாலுக்கு 35 ஆண்டுகளுக்குப் பின்பும் அண்டை வீட்டாரை எழுப்பியது மூச்சுத் திணறல்தான் என்பதை எந்த அரசும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

தகவலை வெளியிட்டால் தீய நோக்கமுள்ளவர்களுக்கு உதவும் என்ற வாதமும் உண்டு. அமெரிக்காவில் 1999 முதல், மிக மோசமான விபத்து எவ்வளவு தூரம் பரவும் என்ற விவரங்களைப் பொதுமக்கள் கட்டுப்பாடுகளோடுதான் பார்க்க முடிகிறது. இந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது; ஆயினும் எந்த வாயு, என்ன அறிகுறி, எந்த ஒலி எச்சரிக்கை, வீட்டுக்குள் இருப்பதா வெளியேறுவதா என்பவற்றை மறைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடிவிடாது.

இந்தியாவின் 1989 விதிகளில் 15-ஆம் விதி, பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்தின்போது செய்ய வேண்டியவற்றையும், செய்யக் கூடாதவற்றையும் முன்கூட்டியே தெரிவிக்கும்படி ஆலை நடத்துபவரைக் கடமைப்படுத்துகிறது. அபாயகரமான ஆலைக்கு அருகில் வசிக்கும் எவரும், அந்தத் தகவல் தமக்கு வந்திருக்கிறதா, வெளித்திட்டத்தின் கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, அதில் தங்கள் தெருவும் பள்ளியும் சேர்க்கப்பட்டனவா என்று மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் கேட்கலாம்.