அந்தப் பொத்தானை நான் வரைந்தேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பிடித்த தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் ஃபேன் ஃபிக்ஷன் கதைகளின் பரிமாற்றத்தில் நம் கைக்கு வந்து சேர்ந்த கதை ஏமாற்றம் தந்தால், ஓவியர் அதற்கு மனம் வைத்து வரைய வேண்டுமா, விலகிக்கொள்ள வேண்டுமா? இதுதான் இன்றைய வழக்கு. வரையத்தான் வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். மேடைக்காக எடுத்துக்கொண்ட கட்சி அல்ல இது. ஒரு கதையோடு நான் பட்ட பாட்டிலிருந்து பிறந்த கட்சி.

இந்தப் பரிமாற்றத்தை அறியாதவர்களும் அவையில் இருப்பீர்கள். ஆகவே ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பிக் பேங்' என்று ரசிகர்கள் அழைக்கும் முறையில் எழுத்தாளர் ஒரு நெடுங்கதை எழுதுவார். பத்தாயிரம் சொல், இருபதாயிரம் சொல் என்று குறைந்தபட்ச அளவு இருக்கும். ஓவியர்களுக்கு முதலில் காட்டப்படுவது கதையின் சுருக்கம் மட்டும்தான், அதுவும் எழுதியவர் பெயர் இல்லாமல். பிடித்த சுருக்கத்தை நாம் கேட்டு வாங்குகிறோம். அப்புறம்தான் டிராஃப்ட் வரும், எழுதியவர் யார் என்பதும் தெரியும். குறித்த நாளில் கதையும் படமும் சேர்ந்து வெளியாகும். இதில் யாருக்கும் கூலி இல்லை. 1967-இல் வந்த 'ஸ்பாக்கனாலியா' என்ற ஸ்டார் டிரெக் ரசிகர் இதழிலேயே எழுத்தோடு படமும் இருந்தது. அன்று முதல் இது அன்பளிப்பாகவே நடந்து வருகிறது.

ஆக, நான்கு வரியைப் படித்துவிட்டு இருபதாயிரம் சொல்லுக்கு வாக்குக் கொடுக்கிறோம். ஏமாற்றத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்துதான் கொடுக்கிறோம்.

எதிரணித் தோழி அழகாகக் கேட்டார்: "சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத வேண்டும்? சுவரே இடிந்து கிடந்தால் எதில் எழுதுவது?" நானும் கை தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, இடிந்த சுவரின் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டாரா, தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினாரா?

நான் போய்ப் பார்த்த சுவரைச் சொல்கிறேன்.

ஒரு விண்வெளித் தொடரின் ரசிகர் கதை அது. சுருக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: தளபதி இறந்துவிட்டார். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத மருத்துவரும் பொறியாளரும் கப்பலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாற்பது நாள். ஒரே சாப்பாட்டு மேசை. படித்ததுமே எனக்குப் படங்கள் தோன்றிவிட்டன. காலியான நாற்காலி, நீண்ட நடைபாதை, எதிரெதிரே இரண்டு தட்டுகள்.

டிராஃப்ட் வந்தது. முதல் பத்து அத்தியாயமும் போர். சுருக்கத்தில் அந்தப் போரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தொடரில் அளந்து பேசும் மருத்துவர் இங்கே பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு ஆற்றினார். நான் காத்திருந்த நாற்பது நாளும் மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டது. வரைகிறவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு ஏமாற்றம் உண்டு, அதை வாசகர்கள் அவ்வளவாக உணர மாட்டார்கள். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம், கையில் என்ன இருக்கிறது, ஒன்றுமே எழுத்தில் இல்லை. எல்லோரும் வெட்டவெளியில் மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

விலகுகிறேன் என்று ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பென்சிலோடு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை வசனங்களைத் தாண்டிப் போய்விட்டேன். உடம்பு ஏதாவது ஒரு வேலை செய்கிற இடத்தில் மட்டும் கோடு போட்டேன். அப்படித்தான் பதினான்காம் அத்தியாயத்தில் இரண்டே இரண்டு வாக்கியம் அகப்பட்டது. பொருள் அறையில் உட்கார்ந்து, இறந்துபோன தளபதியின் கோட்டில் அறுந்து விழுந்திருந்த பொத்தானைப் பொறியாளர் தைக்கிறார். கோட்டு நீலம். கிடைத்த நூல் பழுப்பு. மூன்றாவது வாக்கியத்தில் அபாய மணி அடித்துக் கதை வேறெங்கோ ஓடிவிடுகிறது.

இனி யாரும் போட்டுக்கொள்ளப் போகாத கோட்டு அது. அதற்கு ஏன் பொத்தான்? எழுதியவர் காரணம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு சரி என்பது வரைய உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முகத்தை வரையவில்லை. இரண்டு கைகள், முழங்காலில் மடிந்து கிடக்கும் கோட்டு, பொத்தானின் நாலு துளையில் மூன்றில் ஏறிவிட்ட பழுப்பு நூல், சட்டத்துக்கு வெளியே போகும் அதன் மறுமுனை. என்ஜின் சூட்டில் வெந்த கட்டைவிரல் அந்தச் சின்ன ஊசியைப் பிடிக்கிற விதம் மட்டும் எனக்கு வரவே இல்லை. பதினோரு தடவை அழித்து வரைந்தேன்.

ஸ்கெட்ச்சை அனுப்பியபோது கூடவே உண்மையையும் எழுதினேன்: "போர்ப் பகுதி என்னைத் தொடவில்லை. அந்த நாற்பது நாளுக்காகத்தான் உங்கள் கதையைக் கேட்டு வாங்கினேன். இந்தப் பொத்தான் அந்த நாட்களைச் சேர்ந்தது." மறுநாள் பதில் வந்தது. அந்த இரண்டு வாக்கியத்தையும் வெட்டிவிட நினைத்திருந்தாராம். வெட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் மருத்துவர் அந்தப் பழுப்பு நூலைக் கவனிப்பதாக ஒரு பக்கம் சேர்த்தார். கதை முழுவதும் தேறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போர் அப்படியேதான் இருந்தது, சொற்பொழிவுகளும் இருந்தன. ஆனால் அந்த ஒரு பக்கம் நல்ல பக்கம். நான் விலகியிருந்தால் அது எழுதப்பட்டிருக்காது.

எதிரணியின் இன்னொரு நண்பர், ஆலிஸ் கதைகளுக்குப் படம் வரைந்த ஜான் டெனியலைச் சாட்சிக்கு அழைத்தார். லூயிஸ் கரோலின் இரண்டாம் ஆலிஸ் கதையில் விக் வைத்த குளவி வரும் பகுதியை வரைய முடியாது என்று டெனியல் சொன்னதும், அந்தப் பகுதியே நூலிலிருந்து நீங்கியதும் உண்மைதான். ஆனால் டெனியல் கரோலுக்கு எழுதிய கடிதத்தில் பாதியைத்தான் நண்பர் படித்தார். 1870 ஜூன் 1-இல் எழுதிய அதே கடிதத்தில் டெனியல் இன்னொன்றும் சொல்கிறார்: ரயில் பெட்டி துள்ளும் இடத்தில் ஆலிஸ் கிழவியின் தலைமுடியைப் பிடிப்பதைவிட, கைக்கு அருகில் இருக்கும் ஆட்டின் தாடியைப் பிடிக்கலாமே. கரோல் அதை ஏற்றுக்கொண்டார். இன்றும் நாம் படிக்கும் நூலில் ஆலிஸ் பிடிப்பது ஆட்டின் தாடியைத்தான். கிழவியையே காணோம்!

இதையா விலகல் என்கிறீர்கள்? பிடிக்காததை அச்சுக்குப் போகும் முன்பே, எழுதியவரிடமே சொன்னார். எதை வரைய முடியும் என்று வழியும் காட்டினார். பிறகு உட்கார்ந்து ஐம்பது படம் வரைந்தார். டெனியல் எங்கள் சாட்சி, நடுவர் அவர்களே.

"பிடிக்காத கதைக்குப் படம் வரைவது பொய்" என்றும் ஒரு வாதம் வந்தது. இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நேர்மையான கவலை. பிடித்ததாக நடித்தால் பொய்தான். ஆனால் படம் என்பது கதைக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் இல்லையே. அது ஒரு வாசிப்பு. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் முன்னும் பின்னும் விளிம்பு நீண்ட வேட்டைத் தொப்பிதானே நினைவுக்கு வருகிறது? 1891-இல் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த கதையில் கானன் டாயில் எழுதியது தலையை ஒட்டிய துணித்தொப்பி என்று மட்டும்தான். வேட்டைத் தொப்பியாக அதை வாசித்தவர் படம் போட்ட சிட்னி பேஜெட். எழுத்து நின்ற இடத்துக்கு அப்பாலும் ஓவியரின் கண் போகலாம் என்றால், எழுத்து தடுமாறிய இடத்தில் அதற்கு இன்னும் அதிக வேலை இருக்கிறது. நூறு பேர் வேகமாகப் படித்துவிட்டுப் போகும் கதையில், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வரி வரியாகப் போகிற ஒரே வாசகர் ஓவியர்தான்.

விலகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பதிவு செய்யும்போதே இதைக் கையாள முடியாது என்று நாம் எழுதிக்கொடுத்த விஷயம் டிராஃப்ட்டில் இருந்தால், அல்லது அடுத்தவர் எழுத்தைத் திருடியிருந்தால், தெரிந்த அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வெளியே வந்துவிட வேண்டும். அது வேறு வழக்கு. நாம் பேசுவது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லாத கதையைப் பற்றி. அதற்காகக் கடைசி நேரத்தில் விலகினால் யார் தலையில் விழுகிறது? பிஞ்ச் ஹிட்டர் என்று கூப்பிடப்படும் யாரோ ஒருவர், நமக்குக் கிடைத்த வாரங்களில் மிஞ்சிய ஒருசில நாட்களில், அதே கதைக்கு, அதே கதவு தெரியாத அறைகளுக்குப் படம் போட வேண்டும். கதையை எழுதியவருக்கோ, முதல் வாசகர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்ற செய்தி மட்டும் மிஞ்சும். எங்கே சறுக்கியது என்றுகூட அவருக்குத் தெரியாது.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். எனக்குப் பிடித்த காலி நாற்காலியை நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். வெந்த கட்டைவிரல் ஒரு ஊசியைப் பிடிக்கும் விதத்தை, என்னை ஏமாற்றிய அந்தக் கதைதான் எனக்குக் கொடுத்தது.

இந்த முறைக்கான சுருக்கங்கள் வந்துவிட்டன. ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான்கு வரிதான், எழுதியவர் யாரென்று தெரியாது. டிராஃப்ட் இன்னும் வரவில்லை. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.