கைக்குத் தெரியுமுன்னே போய்விடும் பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் ஒரு ரெனிஸ் பந்தாவது காலடிக்கு உருண்டு வரும். அங்கே ரெனிஸ் ஆடுபவர் யாருமில்லை. நம்முடைய ஊரில் அந்தப் பந்தின் ஆயுள் கிரிக்கெட்டில்தான் கழிகிறது. மேலிருக்கும் மஞ்சள் உரோமம் தேய்ந்து மொட்டையாகும் வரை பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அப்படி ஒருநாள் பந்தை எடுத்துக் கொடுத்தபோது, என்னிடம் உயர்தரத்தில் பௌதிகம் படித்த பையன் ஒருவன் மறித்துக் கேட்டான்: "சேர், அடிச்சதுக்குப் புறகும் பெட்ட ஓட விடு எண்டு சொல்றாங்க. பந்துதான் போயிற்றே, மறுகா எதுக்கு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கேள்விக்கு நான் பல வருடம் வகுப்பில் பிழையான பதில் சொல்லிக்கொடுத்தவன். மட்டையை ஓட விட்டால் பந்து அதில் கூடுதல் நேரம் தங்கும், அதனால் கணத்தாக்கு கூடும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவனும் அதைக் கொப்பியில் எழுதியிருப்பான்.

கணத்தாக்கு என்பது விசையை அது தாக்கிய நேரத்தால் பெருக்கி வருவது. பந்தின் உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்கிய தொகை, எவ்வளவு மாறியதோ அவ்வளவுதான் அது. நியூற்றனின் இரண்டாம் விதி இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு ரெனிஸ் பந்து ஏறத்தாழ 58 கிராம். நல்ல ஆட்டக்காரர் சேர்விஸ் போடும்போது அது மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். செக்கனுக்கு 55 மீற்றருக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் 3.2 நியூற்றன் செக்கன். சின்னத் தொகை போலத் தெரியும். ஆனால் பந்து ரக்கெற்றின் இழைகளில் ஒட்டியிருப்பது ஏறத்தாழ 5 மில்லிசெக்கன் மட்டும். 3.2ஐ அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 640 நியூற்றன் வருகிறது. ஒரு நெல் மூடையின் பாரம்! உச்சத்தில் இதைவிடவும் கூடும். அந்தப் பாரத்தில் பந்து ஒருபக்கம் சப்பளிந்து, மறுபடி உருண்டையாகிக் கிளம்புகிறது.

இந்த 5 மில்லிசெக்கனைத் தீர்மானிப்பது பந்தின் மென்மையும் இழைகளின் இழுவையும்தான். அடித்த பிறகு கை எங்கே போகிறது என்று பந்துக்குத் தெரியாது.

கண்ணகி அம்மன் சடங்கோடு வந்த நம் போர்த்தேங்காய் அடியை, அதாவது தேங்காயோடு தேங்காயை மோதவிடும் போட்டியை, நினைத்துக்கொள்ளுங்கள். சிரட்டை வைரித்த காயாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். இரண்டும் இறுகியவை என்பதால் மோதும் நேரம், ரெனிஸ் பந்துக்குக் கிடைக்கும் அவகாசத்தில் ஒரு சிறு பங்குதான். நேரம் சுருங்கச் சுருங்க விசை ஏறும். ஏதோ ஒரு காய் பிளந்தே ஆகவேண்டும்.

கடினபந்தைப் பிடிப்பது இதற்கு நேரெதிர். 160 கிராம் பந்து செக்கனுக்கு 20 மீற்றரில் வந்தால், வேடிக்கை பாருங்கள், அதே 3.2 நியூற்றன் செக்கன். கையை விறைப்பாக வைத்து 5 மில்லிசெக்கனில் நிறுத்தினால் அதே நெல் மூடை உள்ளங்கையில் விழும். பந்தோடு சேர்த்துக் கையை அரை மீற்றர் பின்னிழுத்தால் நேரம் 50 மில்லிசெக்கனாக நீள்கிறது, விசை 64 நியூற்றனாக இறங்குகிறது. பிடிப்பவன் கையால் நேரத்தை நீட்டலாம். அடிப்பவனால் முடியாது. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் பிழை.

அப்படியானால் பயிற்றுநர்கள் ஏன் ஓட விடச் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வது சரிதான், காரணம்தான் வேறு. செக்கனுக்கு 30 மீற்றரில் வீசும் ரக்கெற் 5 மில்லிசெக்கனில் ஒரு சாண்கூட நகராது. அந்த இடத்திலேயே நிறுத்த நினைப்பவனுடைய கை, பந்தில் படுமுன்னரே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஓட விட நினைப்பவன்தான் முழு வேகத்தோடு பந்தைச் சந்திக்கிறான். உழவு மாட்டை வரம்பருகே திருப்புகிறவர் வரம்பில் வந்தா கயிற்றை இழுக்கிறார்? நாலு எட்டு முன்னரே இழுத்துவிடுகிறார் அல்லவா, அதுபோல.

இறுக்கிப் பிடித்தால் பலமாக அடிக்கலாம் என்பதும் இதே வகை நம்பிக்கை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஹோவார்ட் புரோடி போன்றவர்கள் ரெனிஸ் ரக்கெற்றைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இழைகளின் நடுவில் பட்ட பந்து திரும்பும் வேகத்தில் பிடியின் இறுக்கத்துக்குப் பெரிய பங்கில்லை. அதிர்ச்சி கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருமுன்னே பந்து புறப்பட்டுவிடுகிறது. ரக்கெற் கைநழுவாமலும் முகம் திரும்பாமலும் இருக்கப் பிடித்தால் போதும்.

இழைகளைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் பந்து கூடுதல் வேகத்தில் போகும் என்றால் பலர் நம்புவதில்லை. வீட்டில் பார்க்கலாம். புதுப் பந்தை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடுங்கள். 55 சென்ரிமீற்றர் அளவில்தான் எழும்பும். மீதிச் சக்தியில் பெரும்பகுதியைச் சப்பளிந்த றப்பர் வெப்பமாக விழுங்கிவிடுகிறது. இழையோ வாங்கியதில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். தளர்ந்த இழை தான் கூடுதலாக வளைந்து பந்தைக் குறைவாகச் சப்பளிய விடுகிறது. ஆனால் பந்து எந்தப் பக்கம் போகும் என்ற கட்டுப்பாடு கொஞ்சம் கைவிட்டுப் போகும்.

அந்தப் பையனிடம் பிழையை ஒப்புக்கொண்டேன். "அப்ப கொப்பில இருக்கிறதை வெட்டவா சேர்?" என்றான். வெட்டச் சொல்லிவிட்டேன். வணக்கம்.