கோவைக்குக் குடி வந்தவர்கள் முதலில் எங்கே போகலாம்

கோவை நேயர்களுக்கு வணக்கம்.

வேலை கிடைத்தோ, படிக்க இடம் கிடைத்தோ, கல்யாணமாகியோ கோயம்புத்தூருக்குக் குடி வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஊட்டிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் ஆழியாறு, அதற்கடுத்து வால்பாறை. ஆறு மாதம் போன பிறகு உக்கடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் கைபேசியை எடுத்துப் பார்க்கிறார்கள். மலை எங்கேயும் போய்விடாதுங்க. முதல் இரண்டு மூன்று மாதம் ஊருக்குள்ளேயே சுற்றுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அப்படிச் சுற்றுவதற்கு நொய்யல் தண்ணீர் போகிற வழியைப் போல நல்ல வழி வேறில்லை.

அதற்கு முன் பஸ் ஸ்டாண்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதியவர்கள் அதிகம் அலைவது இதில்தான். எல்லா ஊருக்கும் ஒரே இடத்தில் பஸ் ஏறலாம் என்று இங்கே நினைக்கக் கூடாது. திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம் போக காந்திபுரம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு போக உக்கடம். மதுரை, திருச்சி, கரூர்ப் பக்கம் என்றால் சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டி, கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் தனி பஸ் ஸ்டாண்ட். காந்திபுரத்துக்குள்ளேயே டவுன் பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாண்ட், வெளியூர் பஸ்ஸுக்கு ஒன்று, அரசு விரைவுப் பேருந்துக்கு இன்னொன்று. ரயிலில் வந்து இறங்கியவர் பொள்ளாச்சிக்குப் போக காந்திபுரம் ஓடினால், வந்த வழியே திரும்பி உக்கடம் போவதற்குள் பொழுது வீணாகிவிடும். ரயில் நிலையத்திலிருந்து உக்கடம் கிட்டத்தில்தான் இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் இன்னொன்று கவனியுங்கள். அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் கோவையில் தனியார் டவுன் பஸ்ஸும் நிறைய ஓடுகிறது, அதில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஏறும்போதே, "ஏனுங்க, பேரூர் போகுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எந்த ஸ்டாப்பில் இறங்கினால் நடை குறையும் என்பதையும் கண்டக்டர் சேர்த்தே சொல்லிவிடுவார்.

இனி நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகி, பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேருகிற ஆறு. வருடம் பூராவும் தண்ணீர் ஓடாது. கோவை மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே மலையில் மழை கொட்டும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊருக்கு வருவது பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். ஊருக்குள் கனமழை அக்டோபர், நவம்பரில். மலையில் பெய்த மழை ஆற்றில் வெள்ளமாக வருகிற கொஞ்ச நாளில் அதைப் பிடித்து வைத்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்திலேயே ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் கடைசியில் குளம் என்று கட்டி வைத்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் ஊரின் மேற்கிலுள்ள குளங்களுக்குப் போகிறது. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு. இந்தத் தொடர்ச்சி மனதில் பதிந்துவிட்டால் நகரத்தின் படம் பாதி தெரிந்த மாதிரி.

இதை நடந்தே பார்க்க ஒரு காலை போதும். செல்வபுரம் பக்கம் செல்வசிந்தாமணி குளத்தில் தொடங்கி, உக்கடம் பெரியகுளத்துக்கு வந்து, வாலாங்குளத்தில் முடியுங்கள். பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரையோரம் நல்ல நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாலையில் கூட்டம் அதிகம். பறவை பார்க்க வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், காலை 6.30-க்கும் 8.30-க்கும் நடுவில் போங்கள். வலசை வருகிற பறவைகள் இருக்கிற காலம் அது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பைனாகுலர் வாங்குகிறவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்குவதை வாங்குங்கள். பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று போனால் கை நடுக்கம் அத்தனையும் பெரிதாகி ஒன்றையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

முதலில் பழக வேண்டியது நாமக்கோழி. உடம்பு கறுப்பு, நெற்றியில் சுண்ணாம்பு வெள்ளை. அதே அளவில் நெற்றி சிவப்பாக இருந்தால் தாழைக்கோழி. கோரைக்குள் நீலமும் ஊதாவுமாக, நீண்ட கால்விரல்களோடு நடப்பது நீலத் தாழைக்கோழி. பட்டுப்போன மரக்கிளையில் இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்பது நீர்க்காகம். அதன் இறகு வாத்தின் இறகு மாதிரி தண்ணீரைத் தள்ளாது, நனைந்துவிடும். நனைவதால் உடம்பு கனத்து, ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கத் தோதாகிறது. அந்த ஈரத்தைத்தான் கரைக்கு வந்து காய வைக்கிறது. பெரிய உடம்பும் அலகுக்குக் கீழே பையுமாக மிதப்பது கூழைக்கடா.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைந்து சாக்கடை வாடை அடிக்கும், சில குளங்களை ஆகாயத்தாமரை மூடிவிடும். அதைப் பார்த்துவிட்டு, இந்தக் குளம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல மழை பெய்த டிசம்பரில் மறுபடி போய்ப் பாருங்கள். சிங்காநல்லூர்க் குளத்தையும் விட்டுவிடாதீர்கள். நகரப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக 2017-ல் அறிவிக்கப்பட்ட குளம் அது. கரையில் மரமும் புதருமாக இருப்பதால் நீர்ப்பறவையோடு வண்ணத்துப்பூச்சியும் நிறையப் பார்க்கலாம். பொரி, ரொட்டி போட வேண்டாம். தின்றது போக மிச்சம் தண்ணீரில் அழுகும்.

குளங்களைப் பார்த்த கையோடு ஆற்றங்கரைக்குப் போவோம். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில். உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் சிறிது தூரம்தான். காலை 8 மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பிறகு சாயங்காலம்தான். சாமி கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடாமல், கனகசபை மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 17-ஆம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் கட்டியது. ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, பிட்சாடனர், அகோர வீரபத்திரர், அக்கினி வீரபத்திரர், யானை உரித்த பெருமான், ஆடுகிற கணபதி, மயில் மேல் ஆறுமுகன் என்று எட்டுப் பெரிய சிற்பங்கள் தூண்களோடு ஒட்டி நிற்கின்றன.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நேர் எதிரில் நின்றால் கல் தட்டையாகத்தான் தெரியும். ஓர் எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். யானை உரித்த பெருமானின் பின்னால் வட்டமாக விரிந்திருப்பது உரித்த யானைத் தோல். காலடியில் யானைத் தலை. உளி எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது, கைக்கும் தோலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் குடைந்து எடுத்திருக்கிறார்கள் என்பது பக்கவாட்டில் நிற்கும்போதுதான் பிடிபடும். பிறகு தலையை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள், கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். கைப்பிள்ளையோடு போகிறவர்கள் வெள்ளிக்கிழமையையும் பிரதோஷத்தையும் தவிர்த்துவிடுங்கள், நெரிசலில் தூணருகே நிற்க முடியாது. வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் நொய்யல் படித்துறை. முன்னோருக்குத் திதி கொடுக்கிற இடம். அமாவாசையன்று வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், காரியம் செய்ய வந்தவர்களுக்கு இடைஞ்சல்.

அடுத்தது பழைய டவுன். 1892-ல் கட்டிய டவுன்ஹாலில் இறங்கிக்கொண்டு நடந்தே பாருங்கள், அங்கே கார் எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே நாள் போய்விடும். வீதிக்கு வீதி வியாபாரம் வேறு. ஒப்பணக்கார வீதியில் ஜவுளி, ராஜ வீதியில் துணியும் நகையும், ரங்கை கவுண்டர் வீதியில் மளிகை மொத்த வியாபாரம். புதுக் குடித்தனத்துக்குப் பருப்பு, மிளகாய், மல்லி, புளி எல்லாம் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறவர்கள் ரங்கை கவுண்டர் வீதிக்குத்தான் வருகிறார்கள். கால் கிலோ, அரைக் கிலோ வாங்க அங்கே போவதில் லாபமில்லை. ஞாயிற்றுக்கிழமை பல மொத்தக் கடைகள் திறக்காது, சாயங்காலம் மூட்டை இறக்குகிற வண்டிகளால் வீதி அடைத்துக்கொள்ளும். ஆகவே வார நாளில் காலை 10 மணி வாக்கில் போவது நல்லது. மாசி மாதம் கோனியம்மன் தேர் ஓடுகிற நாளில் போக்குவரத்தையே திருப்பிவிடுவார்கள். கடைக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டு அன்று தேரைப் பாருங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று ஊரின் நான்கு பக்கமும் இருக்கிறது. விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள், முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். 9 மணிக்கு மேல் போனால் கீரையும் பிஞ்சுக் காயும் தீர்ந்து, முற்றியதுதான் மிஞ்சும். சந்தை நாலு வாரம் பழகினால், எந்த மாதம் எது விளைகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. வனக் கல்லூரி வளாகத்தில் 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தில் மர வகைகளும் பாடம் செய்த விலங்குகளும் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும் அதையடுத்துக் கார் அருங்காட்சியகமும். இந்த ஊர் ஏன் மோட்டார், பம்பு, கிரைண்டர் என்று இருக்கிறது என்று கேட்கிறவர்கள் முதலில் அங்கே போங்கள். விடுமுறை நாள் ஒவ்வொன்றுக்கும் வேறு, கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்துக்குப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மருதமலை, வடவள்ளி, தடாகம் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். பொழுது சாய்ந்த பிறகு இருசக்கர வண்டியில் உள்சாலைகளில் சுற்ற வேண்டாம். கோவை குற்றாலம் வனத்துறை பொறுப்பில் இருக்கிறது. சாடிவயல் சோதனைச்சாவடியோடு சொந்த வண்டி நின்றுவிடும், அதற்கு மேல் வனத்துறை வண்டிதான். காலையிலேயே போய்விட வேண்டும். திங்கட்கிழமை மூடுவது வழக்கம், அருவியில் வெள்ளம் வந்தால் எந்த நாளும் மூடிவிடுவார்கள். பிளாஸ்டிக் பை கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. இருதயக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம். ஏறும் வழியில் மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. மற்றவர்களும் கையில் மூங்கில் தடி இல்லாமல் ஏறாதீர்கள், இறங்கும்போது முழங்கால் தாங்குவது அந்தத் தடியால்தான்.

ஊருக்குள் கால் பழகிய பிறகு வெளியூர். என் தேர்வில் முதல் இடம் பொள்ளாச்சிக்கு, அதுவும் வியாழக்கிழமைச் சந்தைக்கு. மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். விடிந்ததும் போனால்தான் வியாபாரம் நடப்பதைப் பார்க்கலாம். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தொகை தெரியக் கூடாது என்பதற்காக இப்படி. பேச்சு நடக்கும்போது பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். கட்டியிருக்கிற மாட்டின் பின்பக்கமாகவும் நடக்காதீர்கள்.

மலை ரயிலை நீலகிரிப் பயணத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர மதியமாகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் பதித்திருக்கிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு, பற்சக்கரத்தால் அந்தச் சட்டத்தைப் பிடித்து ஏறும். நகரத்தில் இருக்கிறவர்கள் விடியற்காலை 5 மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் பதறாமல் போய்ச் சேரலாம். முன்பதிவு இல்லாமல் போய் நின்று இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். கோடை விடுமுறைக்கு வெகு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும். டிக்கெட் கையில் இருந்தாலும், முதல் நாள் இரவு ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே படுக்கப் போங்கள். ஓடாவிட்டால், மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் விடியற்காலையிலிருந்தே கிடைக்கும்.

வணக்கம்.