கையைக் கட்டி, ஊசி போட்டு, தண்ணிக்குள்ள இழுத்தாங்க! தாய்லாந்து குகையில யார் எந்த வேலையைச் செஞ்சாங்க?

ஒரு பையனுக்கு மயக்க ஊசி போட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டி, முகம் குப்புறத் தண்ணிக்குள்ள தள்ளுறாங்க. கேக்கவே பதறுது இல்ல? ஊசி போட்டவர் ஒரு டாக்டர். இப்படிப் பண்ணதாலதான் 13 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க.

[திரையில்: தாம் லுவாங் குகை, சியாங் ராய், வடக்குத் தாய்லாந்து]

கதை பாதி பேருக்குத் தெரியும், அதனால ஒரே மூச்சுல முடிச்சிடுறேன். 2018 ஜூன் 23. ஃபுட்பால் பசங்க 12 பேர், கூட 25 வயசு கோச். குகைக்குள்ள போனாங்க, மழை பிடிச்சுது, வழி மூழ்கிடுச்சு. ஜூலை 2 ராத்திரி, வாசல்ல இருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ள, ஒரு மேட்டுல உயிரோட இருந்தாங்க.

கண்டுபிடிச்சது யாரு? தாய்லாந்து கடற்படையோட கமாண்டோ பிரிவான சீல் படை ஒரு வாரமா அங்கதான் இருந்துச்சு. ஆனா கண்டுபிடிச்சது ரெண்டு பிரிட்டிஷ்காரங்க. ரிக் ஸ்டான்டன், ரிட்டையர்டு தீயணைப்பு வீரர். ஜான் வொலாந்தன், ஐடி கன்சல்டன்ட். குகைக்குள்ள டைவ் அடிக்கிறது இவங்களுக்குப் பொழுதுபோக்கு!

"அப்ப ராணுவம் வேஸ்ட்டா ப்ரோ?"ன்னு கமெண்ட் போடப் போறவங்க கொஞ்சம் பொறுங்க. சீல் படை பழகினது கடல்ல. கடல்ல தலைக்கு மேல வானம் இருக்கு, ஏதாவது கோளாறுன்னா மேல வந்துடலாம். குகையில தலைக்கு மேல பாறை. எவ்வளவு தூரம் உள்ள போனீங்களோ அவ்வளவு தூரம் திரும்பி வந்தாதான் மூச்சு.

கருவியைப் பாருங்க, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடல் டைவர் சிலிண்டரை முதுகுல மாட்டுவார். இடுக்குல நுழையும்போது அது பாறையில மாட்டும், வால்வு பின்னால இருக்கறதால கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. குகை டைவர் ரெண்டு சிலிண்டரை ரெண்டு விலாவோரமா தொங்க விடுவார். இடுக்கு ரொம்பச் சின்னதா இருந்தா ஒண்ணைக் கழட்டி முன்னால தள்ளிட்டே போவார். வால்வு ரெண்டும் கைக்குப் பக்கத்துலயே இருக்கும்.

அடுத்து கயிறு. தண்ணி டீ டிகாஷன் நிறத்துல இருக்கு, டார்ச் அடிச்சாலும் உங்க கை உங்களுக்கே தெரியாது. போற வழியெல்லாம் கயிறு கட்டிட்டே போகணும், அதை விட்டா போச்சு. காத்துக்கும் கணக்கு இருக்கு: மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. 200 பார் (பார்ங்கறது காத்தழுத்த அளவு) சிலிண்டர்னா 66 பார் தீர்ந்ததும் திரும்பணும், பையன் பத்தடி தூரத்துல இருந்தாலும். (சம்பளத்தை இப்படிப் பிரிச்சு வச்சா மாசக் கடைசியில நமக்கும் மூச்சு முட்டாது.)

இந்தப் பழக்கமெல்லாம் இல்லாம, நம்ம நாட்டுப் பசங்களாச்சேன்னு உள்ள இறங்கினவங்க சீல் படை. வழியில சிலிண்டர் வச்சுட்டுத் திரும்பும்போது முன்னாள் சீல் வீரர் சமன் குனான் ஜூலை 6 விடியக்காலை இறந்துட்டார். ராணுவ டாக்டர் ஒருத்தரும் சீல் வீரர்கள் மூணு பேரும் பசங்களோடவே ஒரு வாரம் தங்கினாங்க. அங்க காத்துல ஆக்சிஜன் 15 சதவீதம் வரைக்கும் இறங்கிடுச்சு. வெளிய நமக்கு 21. சோறு ஊட்டி, காயத்துக்கு மருந்து போட்டு, தாய்லாந்து மொழியில தைரியம் சொன்னது அவங்கதான். பிரிட்டிஷ் டைவர் யாராலயும் அதைச் செஞ்சிருக்க முடியாது.

சரி, ஊசி எதுக்கு? இதுக்கு ஒரு குட்டிச் சம்பவம் காரணம். பசங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, பம்ப் வேலைக்கு வந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் 4 பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. ஸ்டான்டனும் வொலாந்தனும்தான் அவங்களையும் கொண்டு வந்தாங்க. தண்ணிக்கடியில கொஞ்ச தூரம்தான். அதுக்கே வளர்ந்த ஆளுங்க பயத்துல திமிறிட்டாங்க. அப்ப டைவ் அடிச்சே பழகாத பையனை மணிக்கணக்குல எப்படிக் கொண்டு வர்றது? முழிச்சிருந்தா அவனும் போவான், கூட வர்றவரும் போவார்.

[திரையில்: மாஸ்க் வரைபடம்]

அதனால வந்தார் ரிச்சர்ட் ஹாரிஸ். ஆஸ்திரேலியாவுல மயக்க மருந்து டாக்டர், குகை டைவரும்கூட! இந்த ரெண்டும் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே எத்தனை பேர் இருப்பாங்க சொல்லுங்க? முதல்ல பதட்டம் குறைய அல்ப்ரசோலம் மாத்திரை. அப்புறம் கெட்டமின், கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது 30 கிலோ பையனுக்கு 150. தூங்க வைக்கும், ஆனா மூச்சை நிறுத்தாது. கெட்டமின் போட்டா எச்சில் ஊறும். மாஸ்க்குக்குள்ள எச்சில் சேர்ந்தா புரை ஏறும். அதைக் காய வைக்க அட்ரோபின்.

மயக்கத்துல இருக்கறவன் வாயில குழாயைக் கடிச்சுப் பிடிக்க மாட்டான், அதனால முகம் மூடின மாஸ்க். உள்ள காத்தழுத்தம் வெளித் தண்ணியைவிடக் கொஞ்சம் கூட. எங்கயாவது ஓட்டை இருந்தா காத்துதான் வெளிய போகும், தண்ணி உள்ள வராது. எல்லாமே பெரியவங்க சைஸ், பசங்க முகமோ உள்ளங்கை அளவு, வாரை இறுக்கி இறுக்கிதான் உக்கார வச்சாங்க. சிலிண்டர்ல 80 சதவீதம் ஆக்சிஜன். ஆழத்துல அது விஷமாகும். இங்க ஆழம் கம்மி, தப்பிச்சாங்க. பாதி வழியில அரை முழிப்பு வந்து மாஸ்க்கைப் பிடுங்கிடக் கூடாதுன்னுதான் கையைக் கட்டினது. மயக்கம் தெளிய ஆரம்பிச்சா, டாக்டரே இல்லாத டைவர் தொடையில இன்னொரு ஊசி போடணும். மூச்சு இருக்கான்னு பாக்க ஒரே வழி, வெளிய வர்ற காத்துக் குமிழியைக் கவனிக்கிறதுதான். பையன் இறந்துட்டா டாக்டர் மேல கேஸ் வரும்னு பயந்து, முன்கூட்டியே அவருக்குத் தூதரகப் பாதுகாப்பு, அதாவது கேஸ் போட முடியாதபடி சட்டப் பாதுகாப்பு, ஏற்பாடு பண்ணாங்க. என்னைக் கேட்டா, அந்தக் காகிதமும் ஒரு மீட்புக் கருவிதான்.

இப்ப வேலைப் பிரிவினை. குகைக்குள்ள இருக்கற அறைகளை வாசல்ல இருந்து வரிசையா எண்ணினா, மூணாவது அறைதான் எல்லைக்கோடு. அதுக்கு அந்தப் பக்கம் பையனை இழுத்துட்டு வர்றது பிரிட்டிஷ் டைவர்கள் 4 பேர். நடுவுல இருக்கற அறைகள்ல சிலிண்டர் மாத்தி, மூச்சைச் சரிபார்க்க மத்த நாட்டு டைவர்கள். இந்தப் பக்கம் முழுக்கப் படை: ஒக்கினாவாவுல இருந்து வந்த அமெரிக்க விமானப்படை மீட்புக் குழு, தாய்லாந்து வீரர்கள், ஆஸ்திரேலிய போலீஸ் டைவர்கள், சீனக் குழு. கயிறு, கப்பி கட்டி, ஸ்ட்ரெச்சரைக் கைமாத்திக் கைமாத்தி ஒன்றரை கிலோமீட்டர்.

அமெரிக்கப் படை செஞ்ச பெரிய வேலை ஒத்திகை. தண்ணி பாட்டில்ல கலர் டேப் சுத்தி, இது பையன், இது சிலிண்டர்னு தரையில வச்சு, எந்த நிமிஷத்துல எது எங்க இருக்கணும்னு எல்லாரையும் நடந்து பாக்க வச்சாங்க. உள்ளூர்ப் பசங்களை ஸ்கூல் நீச்சல் குளத்துல இறக்கி மாஸ்க்கையும் சோதிச்சாங்க. ஈலான் மஸ்க் அனுப்பின குட்டி நீர்மூழ்கி? வந்துச்சு, அப்படியே இருந்துச்சு.

ஜூலை 8ல நாலு பேர், 9ல நாலு பேர், 10ல அஞ்சு பேர். இடையில ராத்திரியெல்லாம் தீர்ந்த சிலிண்டரை நிரப்பித் திரும்ப வைக்கிற வேலை. கடைசி நாள் டைவர் கிறிஸ் ஜுவல் கையில இருந்து கயிறு நழுவிடுச்சு. ஒரு கையில மயங்கின பையன், சுத்தி இருட்டு. துழாவிக் கிடைச்ச ஒயரைப் பிடிச்சு மேல வந்தா, அது ஏற்கெனவே தாண்டின நாலாவது அறை! பின்னாலயே வந்த ஹாரிஸ் பையனை வாங்கிட்டுப் போனார்.

பசங்க எல்லாரும் வெளிய. கடைசியா, பசங்களோட தங்கின ராணுவ டாக்டரும் மூணு சீல் வீரர்களும் வர்ற நேரம் பார்த்து மெயின் பம்ப் நின்னுடுச்சு. தண்ணி மளமளன்னு ஏறுது, உள்ள இன்னும் எத்தனையோ பேர் சாமானைக் கட்டிட்டு இருக்காங்க. சிலிண்டர், கயிறு எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வாசலைப் பார்த்து ஓடினாங்க.