“ஆன் ஆகலை” என்றால் எது ஆன் ஆகலை?

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் என்றால் கேள்வி பதிலோடு முடிவதில்லை. மேசை மேல் ஒரு கேபினெட்டை வைத்து, “இது ஆன் ஆகலை, பாருங்க” என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போனால் அதையே மலையாளத்தில் “ஓணாவுன்னில்ல” என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று நோய் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஃபேனே சுற்றவில்லையா? ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறதா? திரையில் எழுத்து வந்தும் விண்டோஸ் ஏறவில்லையா? ஸ்க்ரூடிரைவரைத் தொடுமுன் இதைப் பிரித்துக் கேட்டுவிடுங்கள். கூடவே, கடைசியாக எப்போது ஓடியது, அதற்குப் பிறகு புதிதாக எதையாவது மாட்டினார்களா, இடி மின்னல் அடித்ததா என்றும் கேளுங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி மாதத்துச் சாயங்கால மின்னலுக்குப் பிறகு நெட்வொர்க் வயர் செருகும் லேன் போர்ட் மட்டும் செத்து, மற்றதெல்லாம் நன்றாக ஓடும் மதர்போர்டுகள் நிறைய வரும். அதற்கு போர்டை மாற்ற வேண்டியதில்லை, ஒரு யூ.எஸ்.பி. லேன் அடாப்டர் போதும்.

முதல் நோய், கரண்டே ஏறவில்லை. சுவர் சுவிட்ச், ஸ்பைக் பஸ்டர், பவர் கார்டு, கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை டப்பாவான எஸ்.எம்.பி.எஸ். பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். அந்தச் சின்ன சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து வைக்கிறவர்கள் உண்டு. அது சரியென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவர் கார்டை உருவிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையில் 13 முதல் 24 வரையான பின்கள் வரும். அந்த வரிசையில் ஆரஞ்சு வயர் இருக்கும் முனையிலிருந்து நான்காவது, பச்சை வயர். அதுதான் 16ஆம் பின். அதன் இரண்டு பக்கமும் கறுப்பு. பேப்பர் கிளிப்பை நிமிர்த்திப் பச்சையையும் ஒரு கறுப்பையும் இணைத்துவிட்டு, அப்புறம் கார்டைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். வண்ணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே திகைத்துப் போவார். அதே வரிசையில் வயர் இல்லாமல் ஓர் ஓட்டை காலியாக இருக்கும். அது எந்த முனைக்குத் தூரமாக இருக்கிறதோ, அந்த முனையிலிருந்து நான்காவதாக எண்ணினால் 16 கிடைத்துவிடும்.

மல்டிமீட்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை சரி. ஊதா வயரில், 9ஆம் பின்னில், பட்டனை அழுத்துமுன்பே 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. சாம்பல் நிற வயர் 8ஆம் பின். எல்லா வோல்டேஜும் சரியாகிவிட்டது என்று எஸ்.எம்.பி.எஸ். அதன் வழியாகத்தான் மதர்போர்டுக்குச் சொல்கிறது. அந்தச் சைகை வரும்வரை போர்டு பிராசசரை எழுப்பாது.

தேர்வு செய்பவர் இங்கே ஒரு கொக்கி போடக்கூடும்: “கிளிப் வைத்தால் ஃபேன் சுற்றுகிறது, அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ். நல்லதுதானே?” ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். சுமை இல்லாமல் 12 காட்டும் எஸ்.எம்.பி.எஸ். பிராசசர் இழுக்கும்போது 11-க்குக் கீழே விழலாம். அதனால் கனெக்டரைத் திரும்ப மாட்டி, மெஷினை ஓடவிட்டு, பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்: உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில், கார்டை உருவிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். நல்லதாக இருந்து பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால், முன்பக்கப் பட்டனின் வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, பவர் சுவிட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். கிளம்பிவிட்டால் பட்டன்தான் கெட்டது. அந்த வயரைத் திருப்பி மாட்டினாலும் ஓடும்; எல்.இ.டி. வயருக்கு மட்டும்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நோ டிஸ்ப்ளே. செய்முறையில் வைக்கச் சுலபமான பழுது இதுதான். நினைவகப் பலகையான ராமைப் பாதி இறக்கி வைத்தாலே போதுமே! பல புதிய போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருப்பதால் மறுமுனை தூக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அடுத்து, பிராசசருக்குத் தனியாக வரும் 8 பின் வயரைக் கழற்றி வைப்பது. ஃபேன் எல்லாம் சுற்றும், படம் வராது. மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் வயரை மதர்போர்டு போர்ட்டில் செருகி வைப்பது. நான்காவது கொஞ்சம் குறும்பு: இன்டெல் ஐ5 12400எஃப் போல எஃப் என்ற எழுத்தோடு முடியும் பிராசசரைப் போட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைப்பார்கள். அந்த வகை பிராசசரில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. ஆயுசுக்கும் படம் வராது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600-உம் அப்படித்தான்.

இந்த நான்கையும் பார்த்த பிறகும் இருட்டு என்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மதர்போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் என்று நிறுத்துங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் இருக்கட்டும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் அந்த ஒற்றை ராமைப் போட வேண்டும். இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். ராமின் தங்க நிறக் கால்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். இடவப்பாதி மழைக்காலத்து ஈரத்தில் அந்தக் கால்களில் படலம் படிந்து, அது ஒன்றே காரணமாக நின்றுபோன மெஷின்கள் கொழிஞ்சாம்பாறைக் கடையிலும் பொள்ளாச்சிக் கடையிலும் ஒரே மாதிரிதான் வரும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரண்டு வகை ராமுக்கும் 288 கால்கள். நடுவே இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள். டி.டி.ஆர்.5 போர்டில் ராமை மாற்றிய முதல் முறை, சில நிமிடங்கள் இருட்டாகவே இருந்துவிட்டுப் பிறகு படம் வருவதுண்டு. பொறுக்காமல் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கழற்றியவற்றைத் திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான். ராமையும் மாற்றி, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸையும் ரீசெட் செய்து, வயரையும் மாற்றினால் மெஷின் ஓடிவிடும். எதனால் ஓடியது என்று கேட்டால் பதில் இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கவனிப்பது இதைத்தான். ஆகவே “இப்போது ராமைச் சந்தேகப்படுகிறேன், அதனால் இதை மட்டும் மாற்றுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஓடாவிட்டாலும் சிந்தித்த வழி அவருக்குத் தெரியும்.

தேதி தவறாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை அளந்து பாருங்கள்; புதிதில் 3 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். “இன்டர்நெட் இருக்கு, பேங்க் சைட் மட்டும் திறக்கலை” என்ற புகாருக்கும் இந்தப் பேட்டரி காரணமாகலாம். தேதி பின்னால் போய்விட்டால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுத்துவிடும்.

பத்து நிமிடம் ஓடிவிட்டு அணைந்துபோகிறது என்றால் சூட்டைப் பாருங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி, பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் இடுக்கில் மெத்தை போல அடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும், வழியவிட வேண்டாம். இன்டெல் ஃபேனின் நான்கு கால்களைக் குறுக்கு மூலையாக அழுத்துங்கள், பின்பக்கம் நான்கு நுனியும் வெளியே வந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகை பிராசசரில் ஃபேனை நேராகத் தூக்கினால் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், கால்கள் வளையும். லேசாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது நோய், விண்டோஸ் ஏறாதது. பென் டிரைவ் ஏதும் செருகியிருந்து மெஷின் அதிலிருந்து கிளம்பப் பார்க்கிறதா, பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் படியுங்கள். அதில் 05, சி5 என்ற வரிகளின் எண்ணிக்கை இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கெடுகிறது. டேட்டாவைக் காப்பி எடுப்பதுதான் முதல் வேலை. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளில். அதை மாற்றினால் தீரும் பழுதுக்குப் புது டிஸ்க் வாங்க வைப்பது பாவம். “ஃபார்மட் பண்ணிடலாம்” என்ற வார்த்தையை, டேட்டா வேண்டுமா என்று கேட்காமல் உதிர்த்துவிடாதீர்கள்.

நெட்வொர்க்கில் கேட்பது கொஞ்சம்தான். ஐ.பி. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். லேன் வயர் முனையில் கனெக்டர் பொருத்தும் கிரிம்பிங் செய்யச் சொன்னால், வயர்களின் வரிசை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கண்ணை மூடினாலும் வர வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்ற புகாரைக் கேட்டால் எர்த் இல்லை என்று உடனே சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் மெயின்ஸில் ஏறக்குறையப் பாதி, 110 வோல்ட் வாக்கில், மீட்டரில் தெரியும். பழுது மெஷினில் இல்லை, பிளக் பாயிண்டில். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரத்தை வடிக்கும் ஆன்ட்டி ஸ்டேட்டிக் பட்டையைக் கையில் கட்டச் சொல்லி, அதில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்றும் கேட்கலாம். தவறி மின்சாரம் பட்டாலும் உடம்பு வழியாகப் பாயும் கரண்டைக் குறைத்து வைக்கத்தான்.

பழுது தீர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். முழுதாக அணைத்து, இரண்டாவது முறையும் கிளம்புகிறதா என்று பாருங்கள். மேசையில் ஸ்க்ரூ ஏதும் மிஞ்சியிருந்தால் அது எங்கேயிருந்து வந்தது என்று தேடுங்கள். மதர்போர்டுக்கு அடியில் ஒன்று கிடந்தால் நாளைக்கே ஷார்ட் ஆகும். பக்கத் தகட்டை மூடிவிட்டு, என்ன பழுது, என்ன செய்தீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி மெஷின் மேல் வையுங்கள். வணக்கம்.