பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நம் மலை ரயிலில் ஏறியிருப்பீர்கள். எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதை எல்லோரும் எட்டிப் பார்ப்போம், போட்டோகூட எடுப்போம், ஆனால் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒருத்தர் குளிரோ மழையோ நின்றுகொண்டே வருவாரே, அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் பிரேக்ஸ்மேன். 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவு அது. அங்கே எஞ்சினில் இருக்கும் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

வலிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் ரயில் கதை சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். மருந்தியல் பாடம் எடுத்த காலத்தில் நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் மூளையின் மேலடுக்கில் ஐந்து நரம்புச் செல்லுக்கு ஒன்று ஏறக்குறைய பிரேக்ஸ்மேன் வேலைதான் பார்க்கிறது. மற்ற நாலும் 'ஓடு, ஓடு' என்று கிளப்பிவிட, இது பக்கத்திலேயே இருந்து அடக்கும். அடக்குவதற்கு அது வெளியிடும் ரசாயனத்தின் பெயர் காபா. மூளையில் இது இருப்பதை 1950-இல் யூஜின் ராபர்ட்ஸ் கண்டு சொன்னார். வேடிக்கை என்னவென்றால், செல்களைக் கிளப்பிவிடும் குளுட்டமேட்டிலிருந்துதான் காபாவே தயாராகிறது, அதற்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். காபா போய்த் தட்டினால் அடுத்த செல்லில் ஒரு கதவு திறக்கும், குளோரைடு உள்ளே போகும், செல் அமைதியாகிவிடும். இந்த அடக்குமுறை எங்கோ தளர்ந்து, ஒரு கூட்டம் செல்கள் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தால் அது வலிப்பு. எல்லா வலிப்புக்கும் காபாதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி கதை இங்கே இருக்கிறது.

கோத்தகிரியில் ஒரு கல்யாண வீட்டில் என் தங்கை மகள், அப்போது எட்டு வயது, சாப்பாட்டுப் பந்தியிலேயே விழுந்துவிட்டாள். ஒருத்தர் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருத்தர் கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை நனைத்து மூக்கில் வைக்கப் போனார். சாவி கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அந்தப் பெயர் சாவிக்குப் போய்விடும், அவ்வளவுதான். தைலத்தைத்தான் தட்டிவிட்டேன், சபையில் கொஞ்சம் சத்தமாகவே. நம்மூர்த் தைலத்தைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை, ஆனால் அதைக் குடித்துவிட்டால் நல்லா இருக்கிற குழந்தைக்கே வலிப்பு வரும். தைலமும் கற்பூரமும் கலந்த மருந்துகளைத் தேய்த்து, முகர்ந்து வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்பூரம் வலிப்பு தரும் என்பது பழைய சங்கதி. 1934-இல் ஹங்கேரியில் மெடுனா என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவைக்கக் கற்பூர ஊசிதான் போட்டார்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காக்கைக்கொல்லி என்று ஒரு கொடி உண்டு, அதன் விதையை இடித்து ஓடையில் போட்டு மீன் பிடிப்பார்கள். அதிலிருக்கும் பிக்ரோடாக்சின் காபா திறக்கிற அந்தக் கதவை அடைத்துவிடும், மீன் துடித்து மேலே வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் பிரேக்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க இதையே பயன்படுத்தினார்கள். பாக்கு இதற்கு நேர் எதிர். பாக்கில் இருக்கும் குவாசின், வெளிவந்த காபாவைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும். அந்த வழியில் தேடிப் போய்த்தான் டயகாபின் என்ற வலிப்பு மாத்திரை வந்தது. அதற்காக வெற்றிலை பாக்கு போட்டால் வலிப்பு வராது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், வாய்ப்புற்றுதான் வரும்.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து வந்த கதை இன்னும் ருசி. 1882-இலேயே செய்யப்பட்ட பொருள், மற்ற மருந்துகளைக் கரைக்கிற திரவமாக மட்டும் அலமாரியில் கிடந்தது. 1962-இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து கிரெனோபிள் ஊரில் எய்மார் என்ற மாணவர் தன் மருந்துகளை அதில் கரைத்துச் சோதிக்க, எந்த மருந்தைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. அப்புறம்தான் உறைத்தது, வேலை செய்தது மருந்து இல்லை, கரைத்த திரவம்!

சரி, பிரேக்கை இறுக்கிவிட்டால் தீர்ந்ததா? இல்லை, இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் அடிவாங்கினார்கள். கல்லட்டி இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகுமே, அதுபோல காபாவின் பிரேக்கை இறுக்குகிற டயசெபாம் வகை மருந்துகளைத் தினமும் கொடுத்தால் பலருக்கு நாளடைவில் பலன் குறைகிறது. பச்சைக் குழந்தையின் மூளைச் செல்லுக்குள்ளே ஏற்கெனவே குளோரைடு அதிகம், கதவு திறந்தால் அது வெளியே போகும், அதனால் அங்கே காபா சில சமயம் அடக்காமல் கிளப்பியே விடுகிறது, நமக்குக் கேட்கிற மருந்து அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அப்புறம் டிராவே நோய், கைக்குழந்தையிலேயே தொடங்குகிற கடுமையான வலிப்பு நோய் அது. அதில் பழுதான மரபணு பெரும்பாலும் பிரேக்ஸ்மேன் செல்களைத்தான் சோர வைக்கிறது. மற்றவர்களுக்கு நன்றாக வேலை செய்கிற கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடும், சோர்ந்த ஆளின் கையையும் கட்டிப்போட்ட மாதிரி. ஆக, என்ன வலிப்பு என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுவது எனக்கு என்றைக்கும் பிடிக்காத விஷயம்.

மூன்றில் ஒருவருக்கு எந்த மாத்திரையும் முழுசாகக் கேட்பதில்லை. அவர்களுக்காக அமெரிக்காவில் இப்போது, ஸ்டெம் செல்லிலிருந்து பிரேக்ஸ்மேன் செல்களை வளர்த்து வலிப்பு கிளம்புகிற இடத்திலேயே ஊசியால் வைத்துப் பார்க்கிறார்கள். 2022-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். சோதனை இன்னும் முடியவில்லை, ஆனாலும் எனக்கு இதில்தான் ஆசை அதிகம். மாத்திரை மூளை முழுக்கப் போய்த் தூக்கத்தை வரவழைக்கும், இது எந்தப் பெட்டிக்கு ஆள் இல்லையோ அந்தப் பெட்டியில் மட்டும் ஆளை ஏற்றுகிறது.

தங்கை மகள் இப்போது குன்னூரில் வேலைக்குப் போகிறாள். ராத்திரி மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. பையில் மிடாசோலம் ஸ்ப்ரே இருக்கும். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, மணியைப் பார், ஐந்து நிமிடம் நெருங்கினால் மூக்கில் இதை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று பக்கத்து மேசைத் தோழிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அதே பையில் அவள் அம்மா போட்டுவிட்ட ஒரு பழைய சாவிக்கொத்தும் கிடக்கிறது, எந்தப் பூட்டுக்கும் சேராதது. இருந்துவிட்டுப் போகட்டும் மாமா என்கிறாள்.